சூரியனை விடாமல் பிடித்த சிறுவன்

உச்சி வெயில். ஒரு கட்டிடத்தின் கூரை. அங்கே ஒரு பெரிய பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு சிறுவன் நிற்கிறான்.

அவனுக்கு இன்னும் 9 வயது நிறையவில்லை. பெட்டியில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஒரு சக்கரத்தை மெல்லத் திருப்புகிறான். பிறகு மற்றொன்றைத் திருப்புகிறான். இடத்தை விட்டு நகரவில்லை. கண் அயரவில்லை. வெயில் உள்ளவரை இதே வேலை!

சூரியன் நகர நகர, அந்தப் பெட்டியும் நகர வேண்டும். சிறுவன் கொஞ்சம் அசந்தால் போதும். போட்டோ கெட்டுவிடும்.

இது நடந்த ஆண்டு 1866. இடம், அமெரிக்காவில் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரம். அந்தப் பெட்டி, சிறிய படத்தைப் பெரிய படமாக்கும் ராட்சத காமிரா. அந்தக் காலத்தில் அதற்கு ஏற்ற மின்சார விளக்குக் கிடையாது. சூரியன்தான் விளக்கு. அதனால்தான் காமிராவைக் கூரை மேல் வைத்திருந்தார்கள்.

காமிராவுக்கு ஒரு பெயரும் உண்டு. என்ன பெயர் தெரியுமா? ஜுபிடர்! அதாவது, வியாழன்!

வியாழன் என்ற காமிராவைத் திருப்பிய அந்தச் சிறுவன்தான், 26 ஆண்டுகளுக்குப் பிறகு, வானத்தில் உள்ள வியாழ கிரகத்துக்குப் புதிய சந்திரன் ஒன்றைக் கண்டுபிடித்தான். வானத்தைப் படம் பிடிப்பதில் உலகம் மெச்சும் நிபுணன் ஆனான்.

அவன் பெயர் எட்வர்டு எமர்சன் பார்னார்டு.

தகப்பனைக் காணாத பிள்ளை

பார்னார்டு பிறந்தது 1857-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி. அவன் பிறப்பதற்கு 3 மாதம் முன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் மெழுகில் பூக்கள் செய்து விற்றாள். அந்த வருமானத்தில்தான் இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்தாள்.

அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. நாஷ்வில் நகரம் போரின் நடுவே சிக்கிக்கொண்டது. வறுமை மேலும் கூடியது. ஆற்றில் மூழ்கிய கப்பல்களில் பட்டாளத்துக்காகக் கொண்டுபோன பிஸ்கோத்துகள் இருந்தன. பார்னார்டு நீந்திப் போய் அவற்றை எடுத்து வருவான். அதைத் தின்று பசியாறிய நாட்கள் உண்டு. காலரா நோயும் அவனைப் பிடித்தது. எப்படியோ பிழைத்தான்.

பள்ளிக்கூடம் போனது சுமார் இரண்டே மாதம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள் தாய்தான்.

மகனுக்கு ஒரு வேலை கிடைத்தால் அடுப்பு எரியும் என்று தாய் நினைத்தாள். நகரத்தில் ஒரு பெரிய போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே கூரை மேல் காமிராவைத் திருப்ப ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன் வேலைக்கு வந்த பையன்கள் வெயிலில் தூங்கிவிட்டார்கள். பார்னார்டு தூங்கவில்லை!

தினமும் சூரியனையே பார்த்துக் கொண்டிருந்த சிறுவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தான். பக்கத்து மாதா கோவிலில் நண்பகல் 12 மணிக்கு மணி அடிப்பார்கள். அந்த நேரத்தில் சூரியன் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. சில மாதம் முந்துகிறது. சில மாதம் பிந்துகிறது.

இது வான சாஸ்திரிகளுக்குத் தெரிந்த உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் அறியாத ஒரு சிறுவன், யாரும் சொல்லாமல் தானே அதைக் கண்டுகொண்டான்!

இரண்டு டாலருக்கு வந்த புத்தகம்

வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். வீட்டு முற்றத்தில் ஒரு பழைய வண்டி கிடந்தது. அதன் மேல் மல்லாந்து படுத்து நட்சத்திரங்களைப் பார்ப்பான். கோடைகாலத்தில் தலைக்கு நேராக ஒரு பிரகாசமான நட்சத்திரம் வரும். அது அவனுக்குப் பழகிய தோழன். ஆனால் அதன் பெயர் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை.

ஆண்டுகள் ஓடின. பார்னார்டு வாலிபனானான். அதே ஸ்டூடியோவில் போட்டோ பிடிக்கவும், கழுவவும், லென்ஸ்களைக் கையாளவும் கற்றுக்கொண்டான்.

ஒருநாள் தெரிந்தவன் ஒருவன் 2 டாலர் கடன் கேட்டான். அடமானமாக ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். பணம் திரும்பி வரவில்லை. பார்னார்டு வருத்தத்தோடு புத்தகத்தைப் புரட்டினான். அது தாமஸ் டிக் என்ற ஸ்காட்லாந்து ஆசிரியர் எழுதிய வான சாஸ்திர நூல். அதில் நட்சத்திர வரைபடங்கள் இருந்தன.

படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தன் பழைய தோழனின் பெயர் வேகா என்று அன்றுதான் அறிந்தான்.

இரண்டு டாலர் போயிற்று. வானம் கிடைத்தது!

ஸ்டூடியோவில் உடன் வேலை பார்த்த ஒருவர், தெருவில் கிடந்த சிறிய லென்ஸைக் குழாயில் பொருத்தி டெலஸ்கோப் செய்து கொடுத்தார். அதில் ஆசை அடங்கவில்லை. 1876-ல் 5 அங்குல டெலஸ்கோப் ஒன்றை வாங்கினான். விலை 380 டாலர். அவனுடைய ஒரு வருடச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

தூணுக்குப் பின்னால் கண்ணீர்

1877-ல் அமெரிக்க விஞ்ஞானிகளின் மாநாடு நாஷ்வில் நகரத்தில் கூடியது. சைமன் நியூகோம் என்ற மாபெரும் வான சாஸ்திரி வந்திருந்தார். 19 வயது பார்னார்டு அவரிடம் போய், தன் டெலஸ்கோப்பை வைத்து என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று கேட்டான்.

கணிதம் படித்திருக்கிறாயா என்று நியூகோம் விசாரித்தார். இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் டெலஸ்கோப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு முதலில் கணிதம் படி என்று சொல்லிவிட்டார்.

பார்னார்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதான் என்று கூறுவார்கள்.

அழுததோடு நிற்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாத்தியார் வைத்துக் கணிதம் படித்தான். டெலஸ்கோப்பையும் மூட்டை கட்டவில்லை. பகலில் ஸ்டூடியோ. மாலையில் கணக்கு. இரவில் வானம். மூன்றும் நடந்தன.

வால் நட்சத்திரம் கட்டிய வீடு

1881-ல் பார்னார்டு திருமணம் செய்துகொண்டார். மனைவி பெயர் ரோடா. இங்கிலாந்தில் பிறந்தவர். கணவரின் வான ஆசைக்கு அவர் ஒருநாளும் குறுக்கே நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் வார்னர் என்ற மருந்து வியாபாரி ஒரு பரிசு அறிவித்திருந்தார். புதிய வால் நட்சத்திரத்தை முதலில் கண்டுபிடிக்கும் அமெரிக்கருக்கு 200 டாலர்! அதே 1881-ம் ஆண்டு செப்டம்பரில் பார்னார்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். பரிசு கிடைத்தது. அதை வைத்து வீடு கட்டத் தொடங்கினார்.

பணம் போதவில்லை. கடன் வாங்கினார். கடன் தவணை நெருங்கும்போதெல்லாம் இன்னொரு வால் நட்சத்திரம் அகப்பட்டது. இப்படியே கடன் அடைந்தது. ஊரார் அதை வால் நட்சத்திர வீடு என்று அழைத்தார்கள்.

அவர் புகழ் பரவியது. 1883-ல் நாஷ்வில் நகரத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்தார். பல்கலைக்கழக டெலஸ்கோப்பையும் கவனித்துக்கொண்டார். 17 ஆண்டு ஸ்டூடியோ வாழ்க்கை முடிந்தது. ஆனால் அங்கே கற்ற தொழில் அவரை விட்டுப் போகவில்லை.

ஒரு பிடி கோலப்பொடி

1888-ல் பார்னார்டு கலிபோர்னியாவிலுள்ள லிக் வான ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அது 4,200 அடி உயரமான ஹாமில்டன் மலையின் உச்சியில் இருக்கிறது. அங்கே இருந்த டெலஸ்கோப்பின் லென்ஸ் 36 அங்குல அகலம். அன்று உலகத்திலேயே அதைவிடப் பெரிய லென்ஸ் டெலஸ்கோப் கிடையாது.

அங்கேதான் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. வானத்தைப் படம் பிடிக்க எந்த லென்ஸ் சிறந்தது? நீளமானதா? குட்டையானதா?

இது புரிய வேண்டுமானால் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவர் அருகே பிடியுங்கள். முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில், வெளியே தூரத்தில் உள்ள மரமும் வீடும் தலைகீழாகச் சுவரில் தெளிவாகத் தெரியும். அப்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரம்தான் குவியத் தூரம்.

குவியத் தூரம் கூடினால் படம் பெரிதாகும். குறைந்தால் படம் சிறிதாகும். சந்திரனைப் படம் பிடித்தால், அதன் உருவம் குவியத் தூரத்தில் 110-ல் ஒரு பங்கு அளவில் விழும். வியாழன் நமக்கு அருகே வந்து பெரிதாகத் தெரியும் காலத்தில்கூட, அதன் உருவம் குவியத் தூரத்தில் சுமார் 4,300-ல் ஒரு பங்குதான்!

அப்படியானால், குவியத் தூரத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? முடியாது.

நம் வீட்டு வாசலில் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது ஒரே ஒரு பிடி கோலப்பொடி. நகம் அளவு இடத்தில் தேர்க்கோலம் போட்டால் கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒன்றும் புரியாது. தெரு முழுவதும் போட்டால்? பொடி போதாது. கோடு மங்கிவிடும்.

லென்ஸ் சேர்க்கும் ஒளிதான் அந்த ஒரு பிடி பொடி. லென்ஸின் அகலம் மாறாமல் குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்கினால், படம் நீளத்தில் 2 மடங்கு, அகலத்தில் 2 மடங்கு ஆகும். அதே ஒளி 4 மடங்கு இடத்தில் பரவும். படம் மங்கும். போட்டோ பிடிக்க 4 மடங்கு நேரம் ஆகும்.

நேரம் ஆனால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. வெயில் காலத்தில் தார் ரோட்டின் மேல் கானல் அலைவதைப் பார்த்திருப்பீர்கள். இரவிலும் நம் தலைக்கு மேல் காற்று அப்படி அலைந்துகொண்டே இருக்கிறது. கிரகத்தின் உருவம் அதில் நடுங்குகிறது. நேரம் நீள நீள, நடுக்கம் எல்லாம் படத்தில் பதிந்து, நுண்ணிய அடையாளங்கள் அழிந்துவிடும்.

ஆகவே மிக நீளமும் உதவாது. மிகக் குட்டையும் உதவாது. பிடிக்க வேண்டிய பொருளுக்கு ஏற்ற நீளமே நல்ல நீளம். ஸ்டூடியோவில் முகத்துக்கு ஒரு லென்ஸ், கூட்டத்துக்கு ஒரு லென்ஸ் என்று மாற்றிப் பழகிய பார்னார்டுக்கு இது கை வந்த பாடம்.

பழைய லென்ஸ் செய்த அதிசயம்

பால்வீதியைப் படம் பிடிக்க நினைத்தார் பார்னார்டு. பால்வீதி வானத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பரந்து கிடப்பது. ஆனால் மிகவும் மங்கலானது. அதற்கு நீள டெலஸ்கோப் சரிப்படாது. ஒளியைச் சிறு இடத்தில் குவிக்கும் குட்டை லென்ஸ் வேண்டும்.

அப்படி ஒரு லென்ஸ் சான்பிரான்சிஸ்கோ நகரில் கிடைத்தது. அது ஒரு போட்டோ ஸ்டூடியோவில் மனிதர்களின் முகத்தைப் படம் பிடித்த பழைய லென்ஸ்! அகலம் சுமார் 6 அங்குலம். குவியத் தூரம் 31 அங்குலம். அவ்வளவுதான்.

1889-ல் அந்தப் பழைய லென்ஸை வானத்தின் பக்கம் திருப்பினார். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகரும். அவற்றோடு காமிராவும் நகர வேண்டும். மணிக்கணக்கில் ஒரு நட்சத்திரத்தின் மேல் வைத்த கண் எடுக்காமல் கருவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நாஷ்வில் கூரை மேல் சூரியனைப் பிடித்த அதே வேலை!

கண்ணாடித் தகட்டைக் கழுவினார். நட்சத்திரங்கள் மேகம் மேகமாகத் திரண்டிருந்தன. அவற்றின் நடுவே கறுப்புக் கால்வாய்கள் ஓடின. உலகம் அதுவரை காணாத காட்சி அது.

அதே லென்ஸில் வியாழனைப் பிடித்தால் என்ன ஆகும்? ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. ஊசி குத்திய புள்ளி! ஆனால் 36 அங்குல டெலஸ்கோப்பின் குவியத் தூரம் சுமார் 58 அடி. அதில் வியாழன் 4 மில்லிமீட்டர் அகலத்தில் விழும். 22 மடங்கு பெரிது. பால்வீதிக்குக் குட்டை லென்ஸ். கிரகத்துக்கு நீள லென்ஸ்.

வெள்ளிக்கிழமை இரவு

ஆனால் அந்தப் பெரிய டெலஸ்கோப் பார்னார்டுக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை. நிலையத்தின் தலைவருக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. போராடிய பிறகு, 1892-ல் வாரம் ஒரு இரவு கொடுத்தார்கள். அது வெள்ளிக்கிழமை இரவு.

1892 செப்டம்பர் 9. வெள்ளிக்கிழமை. வியாழனின் கண் கூசும் பிரகாசத்தைப் பார்வையிலிருந்து மறைத்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் தேடினார். மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. மறுநாள் இரவும் பார்த்தார். புள்ளி வியாழனோடு ஓடியது. சந்தேகமே இல்லை. அது சந்திரன்!

வியாழனுக்கு 4 சந்திரன்கள் என்று கலிலியோ 1610-ல் கண்டார். 282 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாவது சந்திரனைக் கண்டவர் பார்னார்டு. அதற்கு இன்று அமால்தியா என்று பெயர். கண்ணால் டெலஸ்கோப் வழியே பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்ட கடைசிக் கிரகச் சந்திரன் அதுதான். பிறகு கண்டுபிடித்தவை எல்லாம் போட்டோவிலும் விண்கலங்களிலும் அகப்பட்டவை.

அடுத்த மாதமே, அக்டோபர் 12-ந் தேதி, பழைய லென்ஸ் எடுத்த படத்தில் ஒரு வால் நட்சத்திரம் சிக்கியது. போட்டோ மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால் நட்சத்திரம்! நீள லென்ஸில் ஒரு வெற்றி. குட்டை லென்ஸில் ஒரு வெற்றி. இரண்டும் ஒரே மனிதருக்கு!

செவ்வாயில் வாய்க்கால் உண்டா?

அந்த நாளில் உலகத்தையே கலக்கிய கேள்வி ஒன்று இருந்தது. செவ்வாய் கிரகத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா?

1877-ல் இத்தாலிய வான சாஸ்திரி ஷியாபரெல்லி, செவ்வாயில் நேர்க்கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கச் செல்வந்தர் அதைப் பிடித்துக்கொண்டார். அவை வெட்டப்பட்ட வாய்க்கால்கள் என்றார். அறிவுள்ள ஜீவன்கள் தண்ணீருக்காக வெட்டியவை என்று நூல்கள் எழுதினார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஜனங்கள் நம்பினார்கள்.

பார்னார்டும் 1894-ல் 36 அங்குல டெலஸ்கோப்பில் செவ்வாயைப் பார்த்தார். மலைகளும் பள்ளங்களும் போன்ற எண்ணற்ற நுண்ணிய அடையாளங்கள் தெரிந்தன. நேர்க்கோடுகள் மட்டும் தெரியவில்லை. உலகத்திலேயே கூர்மையான கண் படைத்தவர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றவர் அவர். கண்டேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் மாலை விழுந்திருக்கும். ஆனால் கண் காணாததை அவர் வாய் சொல்லவில்லை.

கண்ணை நம்பலாமா என்ற வழக்குக்குப் போட்டோதானே சாட்சி? 1905-ல் லோவலின் உதவியாளர் லாம்ப்லாண்டு செவ்வாயைப் படம் பிடித்தார். வாய்க்கால்கள் படத்தில் விழுந்துவிட்டன என்று லோவல் அறிவித்தார்.

படங்கள் எவ்வளவு பெரியவை? ஒவ்வொன்றும் பட்டாணியைவிடச் சிறியவை! அதில் கோடு இருக்கிறது என்றவர்களுக்குக் கோடு தெரிந்தது. இல்லை என்றவர்களுக்குத் தெரியவில்லை. பத்திரிகையில் அச்சடித்தபோது அதுவும் அழிந்தது. வழக்குத் தீரவில்லை.

63 அடிக் குழாய்

பார்னார்டு 1895-ல் லிக் மலையை விட்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். அது விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற ஊரில் இருக்கிறது. 1897-ல் அங்கே 40 அங்குல டெலஸ்கோப் திறக்கப்பட்டது. அதன் குவியத் தூரம் 63 அடிக்கு மேல்! குளிர்காலத்தில் அங்கே உறைபனி கொட்டும். டெலஸ்கோப் கூடத்தை நெருப்பு மூட்டிச் சூடாக்க முடியாது. சூடாக்கினால் காற்று அலையும். படம் நடுங்கும். கம்பளி உடுப்பை மாட்டிக்கொண்டு விடிய விடிய நிற்க வேண்டும். பார்னார்டு நின்றார்.

1909 செப்டம்பரில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தது. 40 அங்குல டெலஸ்கோப்பைத் திருப்பினார் பார்னார்டு. 63 அடி நீளத்துக்குப் பிறகும் அதன் குவியத்தில் செவ்வாயின் உருவம் எவ்வளவு தெரியுமா? சுமார் 2 மில்லிமீட்டர். ஒரு கடுகு!

கடுகளவு உருவத்தைத் தகட்டில் அப்படியே பிடித்தால் தகட்டின் ரசாயனப் பொடிகளில் நுணுக்கங்கள் புதைந்துவிடும். கொரகொரப்பான பொடியில் சிறு கோலம் போட்ட கதைதான். நடுவே இன்னொரு லென்ஸ் வைத்து உருவத்தைப் பெரிதாக்கலாம். அதாவது, குவியத் தூரத்தைச் செயற்கையாக நீட்டலாம். அளவு மீறினால் ஒளி மங்கும், நேரம் நீளும், காற்று கெடுக்கும். கிரகப் படம் எடுப்பவர் நடக்க வேண்டிய கயிறு இதுதான்.

அந்த ஆண்டு பார்னார்டு எடுத்த படங்களில் செவ்வாயின் கரும் பகுதிகள் விழுந்தன. வாய்க்கால் வலை விழவில்லை. அதே செப்டம்பரில் பிரான்சு நாட்டில் அந்தோனியாதி என்ற நிபுணர் 33 அங்குல டெலஸ்கோப்பில் பார்த்தார். நேர்க்கோடுகள் கரைந்து சிறு சிறு திட்டுகளாகத் தெரிந்தன.

வழக்கு முற்றிலும் தீர்ந்தது 1965-ல்தான். மாரினர்-4 என்ற விண்கலம் செவ்வாயின் அருகே பறந்து படங்களை அனுப்பியது. பள்ளங்கள் இருந்தன. வாய்க்கால் ஒன்றுகூட இல்லை! பார்னார்டின் கண் பொய் சொல்லவில்லை.

சனியின் வளையம்

கலிபோர்னியாவில் வில்சன் மலை மேல் 60 அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப் இருக்கிறது. அதன் பெரிய கண்ணாடியின் குவியத் தூரம் 25 அடி. மங்கலான பொருள்களுக்கு அது போதும். கிரகங்களுக்குப் போதாது. அதனால், நடுவே ஒரு சிறிய வளைந்த கண்ணாடியை வைத்து, அதே கருவியின் குவியத் தூரத்தைச் சுமார் 100 அடியாக நீட்டும் வசதி செய்திருந்தார்கள். ஒரே கருவி. இரண்டு நீளம். வேலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1911 நவம்பர் 19-ந் தேதி பார்னார்டு அந்த டெலஸ்கோப்பில் சனியைப் படம் பிடித்தார். உருண்டையும், அதைச் சுற்றிய வளையங்களும், வளையங்களின் நடுவே உள்ள இருண்ட பிளவும் பளிச்சென்று விழுந்தன. பல ஆண்டுகள் வரை வான நூல்களில் சனி என்றால் அந்தப் படம்தான்.

குட்டை லென்ஸையும் அவர் மறக்கவில்லை. 1894-லும் 1916-லும் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, ஒரு மங்கலான நட்சத்திரம் இடம் மாறியிருந்தது. வானத்தில் அதைவிட வேகமாக இடம் பெயரும் நட்சத்திரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 6 ஒளி ஆண்டு தூரத்திலுள்ள அதற்குப் பார்னார்டு நட்சத்திரம் என்றே பெயர்.

இன்றைய காமிராவுக்கும் அதே பாடம்

இன்று கண்ணாடித் தகடு இல்லை. அதன் இடத்தில் மின்னணுச் சில்லு வந்துவிட்டது. அதில் ஒளியைப் பிடிக்கும் சிறு சிறு கட்டங்கள் உள்ளன. கோலப்பொடிக்குப் பதில் கோலப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரகப் படம் எடுப்போர் இன்று ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சில்லின் ஒரு கட்டத்தின் அகலம் எத்தனை மைக்ரான் என்று பார்க்க வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1,000-ல் ஒரு பங்கு. அதை 5-ஆல் பெருக்க வேண்டும். குவியத் தூரம் டெலஸ்கோப்பின் அகலத்தைப் போல் அத்தனை மடங்கு இருந்தால் நல்லது.

உதாரணமாக, கட்டம் 4 மைக்ரான். 5-ஆல் பெருக்கினால் 20. டெலஸ்கோப்பின் அகலம் 200 மில்லிமீட்டர் என்றால், குவியத் தூரம் 4,000 மில்லிமீட்டர் வேண்டும். டெலஸ்கோப்பின் சொந்தக் குவியத் தூரம் 2,000 மில்லிமீட்டராக இருந்தால், இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். வியாழனின் உருவம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். அதன் குறுக்கே சுமார் 230 கட்டங்கள் இருக்கும். வியாழனின் பட்டைகளும் பெரிய சிவப்புப் புள்ளியும் தெரிய அது போதும்.

காற்று மோசமாக அலையும் இரவில் நீளத்தைக் குறைத்துக்கொள்வதே புத்தி. அதைவிட நீட்டினால் வியாழன் பெரிதாகும். தெளிவாகாது. டெலஸ்கோப்பின் அகலம் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுமோ, அதற்கு மேல் எந்த லென்ஸும் கொண்டுவந்து கொடுக்காது.

பார்னார்டுக்கு இல்லாத வசதி ஒன்று இன்று உண்டு. சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அசையாத நொடியில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். கூரை மேல் கண் அயராமல் நின்ற சிறுவனின் வேலையை இன்று கம்ப்யூட்டர் செய்கிறது.

கடைசிப் படம்

பார்னார்டின் கடைசிக் காலம் துன்பமானது. சர்க்கரை நோய் வாட்டியது. 1921-ல் மனைவி ரோடா காலமானார். 40 ஆண்டுத் துணை போய்விட்டது. பிள்ளைகளும் இல்லை.

அப்போதும் அவர் ஒரு வேலையை விடவில்லை. பால்வீதிப் படங்களைப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். அச்சில் நுணுக்கம் அழியும் என்று அவருக்குத் தெரியும். செவ்வாய்ப் படங்களுக்கு நேர்ந்த கதியை அவர் பார்த்தவர். ஆகவே அசல் போட்டோக்களையே ஒட்ட முடிவு செய்தார். புத்தகம் ஒன்றுக்கு 51 போட்டோ. 700 புத்தகம். மொத்தம் 35,700 போட்டோ. ஒவ்வொன்றையும் தாமே கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தார்!

1923 பிப்ரவரி 6-ந் தேதி, 65-வது வயதில் பார்னார்டு உயிர் நீத்தார். புத்தகம் முடியவில்லை. ரோடாவின் உறவினரான மேரி கால்வெர்ட், மாமாவிடம் உதவியாளராக இருந்தவர். அவரும் நிலையத் தலைவர் பிராஸ்டும் சேர்ந்து முடித்தார்கள். 1927-ல் புத்தகம் வெளிவந்தது.

பார்னார்டின் உடல் நாஷ்வில் நகரத்துக்குக் கொண்டு வரப்பட்டு, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. ஒரு காலத்தில் வியாழன் என்ற காமிராவின் சக்கரங்களை ஒரு சிறுவன் திருப்பிக்கொண்டிருந்த அதே ஊர் அது.